கேம்ஷாஃப்ட் (எஞ்சின் வால்வுகளைத் திறந்து மூடவைக்கும் தண்டு) மாற்றும்போது பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடையே எவ்வளவு இடைவெளி வேண்டும், ஏன்?

பிஸ்டன் மேலே வரும்போது, திறந்திருக்கும் வால்வுக்கும் பிஸ்டன் தலைக்கும் நடுவே மிஞ்சும் இடம்தான் இந்த இடைவெளி. கம்பெனியிலிருந்தே வந்த கேமுக்கு அது போதும். லிஃப்ட் (வால்வைத் திறக்கும் அளவு) அதிகமுள்ள கேம் போட்டால் வால்வு இன்னும் ஆழமாக இறங்கும், பெரும்பாலும் இன்னும் அதிக நேரம் திறந்தும் இருக்கும்.

எங்கள் தர்மபுரிப் பக்கம் கம்பு இடிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒருவர் உலக்கை போட, இன்னொருவர் கம்பை உரலுக்குள் தள்ளிவிடுவார். கை கொஞ்சம் தாமதித்தால் விரல் நசுங்கிவிடும். உலக்கைதான் பிஸ்டன், கைதான் வால்வு. கிருஷ்ணகிரி பட்டறை ஒன்றில் அப்படி அடிபட்ட பிஸ்டனைக் கையில் வாங்கிப் பார்த்தேன். தலையில் பிறை போல வடு, வால்வுத் தண்டும் வளைந்திருந்தது. பார்க்கவே மனசு கஷ்டமாக இருந்தது.

பொதுவாக இன்லெட் (காற்று உள்ளே வரும்) வால்வுக்குக் குறைந்தது 2 மி.மீ., எக்ஸாஸ்ட்டுக்கு (புகை வெளியேறும் வால்வு) 2.5 மி.மீ. விடுவார்கள். எக்ஸாஸ்ட் வால்வு அதிகம் சூடாகி நீளும். மூடப்போகும் அதைப் பிஸ்டன் துரத்திக்கொண்டே வேறு வரும்.

அளப்பதற்கு, பிஸ்டன் தலையில் களிமண் வைத்து மேலே எண்ணெய் தடவுங்கள். கேஸ்கெட்டோடு ஹெட்டை (வால்வுகள் உள்ள மேல்மூடி) முறுக்கி, டைமிங் வைத்து (கேமையும் கிராங்கையும் குறி பார்த்துப் பொருத்தி), கிராங்கை (பிஸ்டனை ஏற்றி இறக்கும் தண்டு) கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். ஸ்டார்ட்டரைத் தொடவே வேண்டாம். தடுத்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பிறகு ஹெட்டைக் கழற்றி, வால்வு பதிந்த பள்ளத்தைப் பிளேடால் வெட்டி, களிமண் மிக மெல்லிதாக உள்ள இடத்தை அளக்க வேண்டும்; அதுதான் இடைவெளி.

வால்வு முழுதாகத் திறக்கும்போதுதான் இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள்; அப்போது பிஸ்டன் வெகுதூரம் கீழே இருக்கும், ஆபத்து பெரும்பாலும் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்னும் பின்னும் கிராங்க் சுழலும் சுமார் 10 டிகிரியில்தான், அதனால் லிஃப்ட் அளவை மட்டும் பார்த்து கேம் வாங்காதீர்கள்.