ஓரஞ்சரியில் கீழ்த்தளத்தைத் தவறவிடாதீர்கள்

கேள்வி: உப்புவெளியில் வசிக்கும் ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியை நான். டிசம்பரில் பாரிஸ் லாச்சப்பலில் இருக்கும் மகளிடம் போகிறேன். ஓரஞ்சரி அருங்காட்சியகத்தில் தனியார் ஒருவரின் நவீன ஓவியச் சேகரிப்பு இருக்கிறதாம். அதற்குத் தனி ரிக்கற் வேண்டுமா? முழங்கால் வலியும் உண்டு.

பதில்: வேண்டாம், ஒரே ரிக்கற்தான். மேலே மொனேயின் அல்லி ஓவியங்கள். நீங்கள் கேட்கும் சேகரிப்பு கீழ்த்தளத்தில். அல்லிகளைப் படமெடுத்துக்கொண்டு அப்படியே வெளியேறுகிறவர்கள் ஏராளம். லிஃப்ட் இருக்கிறது, கட்டாயம் இறங்குங்கள்.

ஓவிய வணிகர் போல் கியோம் 1934இல் 42 வயதில் இறந்தார். சேகரிப்பு மனைவி டொமெனிக்காவின் கைக்கு வந்தது. உருவங்களை உடைத்து வடிவத் துண்டுகளாகக் காட்டும் கியூபிசப் படங்களிலும் ஆபிரிக்கச் சிற்பங்களிலும் பலவற்றை விற்று, மனப்பதிவுவாத (இம்ப்ரெஷனிச) ஓவியங்களை வாங்கியவர் அவர். அதனால் பிக்காசோவின் துணிச்சலான படங்களைத் தேடி ஏமாறாதீர்கள். அங்கே இருப்பவர் சற்று அடங்கிய பிக்காசோ. 1959இலும் 1963இலும் பிரெஞ்சு அரசு வாங்கியபோது, கியோம், பிறகு மணந்த வால்ட்டர் என்ற தன் இரு கணவர்மாரின் பெயரும் சேகரிப்புக்கு இருக்கவேண்டும் என்பது டொமெனிக்காவின் நிபந்தனை. அதனால்தான் சுவரில் வால்ட்டர்–கியோம் என்றிருக்கும். ரெனுவார், செசான், மத்தீஸ், மொடிலியானி எல்லோரும் உண்டு. ஆனால் நேரத்தை ஓவியர் சுட்டீனுக்குக் கொடுங்கள். அவருடைய 22 ஓவியங்களை ஒரே இடத்தில் பார்ப்பது அரிது. தடித்த வண்ணப் பூச்சு அச்சுப்படத்தில் தெரியாது. பக்கவாட்டில் நின்று பாருங்கள்.

அல்லி அறைகளுக்குக் கூரைவழியே இயற்கை வெளிச்சம் வருகிறது. டிசம்பரில் அங்கே சூரியன் எட்டரை அளவில்தான் உதிக்கும், ஐந்துக்கே இருட்டிவிடும். ஆகவே பத்து மணிக்கு நுழைந்து முதலில் கீழே போங்கள். பதினொன்றரை அளவில் மேலே வாருங்கள். அப்போது கூட்டம் இருக்கும்தான், வெளிச்சத்துக்காகப் பொறுக்கலாம். அறைகளின் நடுவே இருக்கைகள் உண்டு.

செவ்வாயும் டிசம்பர் 25ஆம் திகதியும் பூட்டு. மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம், ஆனாலும் முன்பதிவு அவசியம். அருங்காட்சியகத்தின் சொந்த இணையத்தளத்திலேயே மகளைப் பதியச் சொல்லுங்கள். இடைத்தரகர் தளங்கள் கூடுதலாக அறவிடும். பெரிய பைகளை உள்ளே விடமாட்டார்கள். ஃபிளாஷ் இல்லாமல் படமெடுக்கலாம்.

நவீன ஓவியம் என்றதும் பொம்பிடு மையத்தைச் சொல்வார்கள். திருத்த வேலைக்காக 2025இல் மூடப்பட்டது, 2030இல்தான் திறக்கும் திட்டம்.

லாச்சப்பலுக்கு அருகிலுள்ள மார்க்ஸ் டோர்முவா நிலையத்தில் 12ஆம் இலக்க மெத்ரோ ஏறினால் மாறாமலே அருங்காட்சியகத்துக்கு அருகிலுள்ள கொன்கோர்த்தில் இறங்கலாம். ஆனால் பழைய மெத்ரோ நிலையங்கள் படிக்கட்டு மயம். முழங்காலை நினைத்தால் பஸ்ஸே நல்லது.