கப்பல்கள் கடந்து போகும் ஊர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் தூத்துக்குடிக்காரன், சரக்குக் கப்பலில் வேலை. கருங்கடலிலிருந்து டான்யூப் நதிக்குள் நுழைந்து, ருமேனியாவின் கலாட்ஸ் துறைமுகம் வரை போனோம். நதியின் வாயில் சுலினா என்று ஒரு சின்ன ஊர். கப்பலுக்கு வழிகாட்டும் பைலட் ஏறினார், ஊர் அப்படியே நகர்ந்து போய்விட்டது. பழைய கலங்கரை விளக்கம் ஒன்று கடலோரத்தில் இல்லாமல் வீடுகளுக்கு நடுவே நிற்கிறது. ஐரோப்பாவின் இவ்வளவு பெரிய நதி கடலில் சேரும் இடத்தில் ஒரு பெருநகரம் அல்லவா இருக்கவேண்டும்? அங்கே யார்தான் வாழ்கிறார்கள்?

தங்கள் வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

கலங்கரை விளக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். 1870-ல் கட்டியபோது அது கடலோரத்தில்தான் இருந்தது. டான்யூப் கொண்டுவந்து கொட்டும் வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனதால் கடல் விலகிவிட்டது. சுலினாவின் கதை முழுக்க இந்த வண்டலோடு மல்லுக்கட்டிய கதைதான்.

1850-களில் அந்த முகத்துவாரத்தில் ஆழம் 7 முதல் 11 அடிதான். கப்பல்கள் வெளியே நிற்க, சரக்கைச் சிறு படகுகளுக்கு மாற்றி மணல்திட்டைத் தாண்ட வேண்டும். உங்கள் ஊர் பழைய துறைமுகத்தில் தோணிகள் செய்த அதே வேலை. 1855-ல் ஒரு குளிர்கால இரவில் அடித்த புயலில் 24 பாய்மரக் கப்பல்களும் 60 சரக்குப் படகுகளும் கரை தட்டின. 300 பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்து மாலுமிகளுக்கு ஆழமான வழி எது என்று காட்டியது என்ன தெரியுமா? மணலில் புதைந்து கிடந்த உடைந்த கப்பல்களின் பாய்மரங்கள். முகத்துவாரம் அப்போது ரஷ்யாவின் கையில் இருந்தது. தன்னுடைய ஒடெஸ்ஸா துறைமுகம் செழிக்கவேண்டும் என்றே ரஷ்யா தூர்வாராமல் விட்டது என்று இங்கிலாந்து குற்றம் சாட்டியது.

துருக்கி, இங்கிலாந்து, பிரான்ஸ் கூட்டணியோடு நடந்த கிரிமியப் போரில் ரஷ்யா தோற்றதும், 1856 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஐரோப்பிய டான்யூப் ஆணையம் அமைந்தது. இங்கிலாந்து, பிரான்ஸ், ஆஸ்திரியா, பிரஷ்யா, சார்டீனியா, ரஷ்யா, துருக்கி என்று ஏழு நாடுகள். இரண்டு வருஷ வேலைக்கென்று போட்ட ஆணையம் இரண்டாம் உலகப் போர்வரை நீடித்தது. நேற்றுவரை சண்டை போட்டவர்கள் ஒரே மேஜையில் உட்கார்ந்து ஒரு நதியைப் பராமரித்தார்கள். ஐரோப்பிய ஒற்றுமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஊரை ஏன் சொல்வதில்லை என்பது எனக்கு இன்னும் ஆதங்கம்.

ஆணையத்தின் தலைமைப் பொறியாளர் சார்லஸ் ஹார்ட்லி. 1858-ல் தொடங்கி முகத்துவாரத்தின் இரு பக்கமும் கடலுக்குள் இணையாகச் சுவர்கள் எழுப்பினார். நீரோட்டம் குறுகலான வழியில் வேகமெடுத்துத் தானே வண்டலை அரித்துத் தள்ளவேண்டும் என்பது கணக்கு. 1861-ல் ஆழம் 16 அடியைத் தாண்டியது. அப்புறம் நதியின் வளைவுகளை ஒவ்வொன்றாக வெட்டி நேராக்கி, 1902-க்குள் பாதையை 20 கிலோமீட்டருக்கும் மேல் சுருக்கினார்கள். நீங்கள் போன வழி அதுதான்.

ஊர் அப்போதுதான் கொழித்தது. கிரேக்கர், துருக்கியர், யூதர், ஆர்மீனியர், இத்தாலியர், ஆங்கிலேயர் என்று எல்லாரும் வந்தார்கள். 1870 முதல் 1931 வரை சுங்கமில்லாத துறைமுகம். அங்கே பணியாற்றிய கடற்படை அதிகாரி எவ்ஜெனியு போடெஸ், ழான் பார் என்ற புனைபெயரில் இந்த ஊரை வைத்து எழுதிய நாவல் 1933-ல் வந்தது. பெயர் 'யூரோபோலிஸ்'.

பெருநகரம் ஏன் ஆகவில்லை என்று கேட்டீர்கள். கப்பல்கள் அங்கே நின்றாகவேண்டிய கட்டாயம்தான் அந்த ஊரின் பிழைப்பு. ஆழம் கூடக் கூட, பெரிய கப்பல்களும் நிற்காமல் ஆற்றின் மேலே உள்ள துறைமுகங்களான கலாட்ஸுக்கும் பிரைலாவுக்கும் போகத் தொடங்கின. ஆணையமும் போனது, போரில் குண்டுகள் விழுந்தன. சுற்றிலும் நாணலும் சதுப்பும். இன்றுவரை வெளியுலகோடு இணைக்கும் சாலை கிடையாது, டுல்சியா நகரத்திலிருந்து படகில்தான் போகவேண்டும். இப்போது மூவாயிரம் சொச்சம் பேர். ஆற்றுக்கு இணையாக ஓடும் தெருக்களுக்கு ஒன்றாம் தெரு, இரண்டாம் தெரு என்று எண்கள்தான் பெயர்.

அந்தப் பழைய கூட்டத்தைப் பார்க்கவேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துக்குப் போகவேண்டும். கிறிஸ்தவர், இஸ்லாமியர், யூதர் என்று பக்கத்துப் பக்கத்தில் கிடக்கிறார்கள். ஒரு கல்லில், 1868-ல் தண்ணீரில் விழுந்த மார்கரெட் பிரிங்கிள் என்ற பெண்ணைக் காப்பாற்றப் போய்த் தானும் மூழ்கிய வில்லியம் வெப்ஸ்டர் என்ற கப்பல் அதிகாரியின் பெயர் இருக்கிறது. இருவரையும் காதலர்களாக்கிக் கதை சொல்கிறார்கள். கல்லில் காதல் பற்றி ஒரு சொல்லும் இல்லை. காப்பாற்ற முயன்றான் என்று இருக்கிறது, எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

இன்று அங்கே ருமேனியர்களோடு லிப்போவன்களும் வாழ்கிறார்கள். 17-ம் நூற்றாண்டில் ரஷ்யத் திருச்சபை வழிபாட்டு முறையை மாற்றியபோது ஏற்க மறுத்தவர்களின் வழிவந்தவர்கள். டெல்டாவின் பேர்பெற்ற மீனவர்கள். 2006-ல் ஸ்டர்ஜன் மீன் பிடிக்கத் தடை வந்ததிலிருந்து அவர்களில் பலருக்கு வருமானம் அடிபட்டுவிட்டது. இப்போது சுற்றுலாப் பயணிகளைப் படகில் ஏற்றிப் பிழைக்கிறார்கள்.

2022-க்குப் பிறகு உக்ரைனின் தானியம் இந்த வழியாக வெளியேற, சுலினாவுக்கு வெளியே கப்பல்கள் நூற்றுக்கும் மேல் காத்துக் கிடந்தன. காத்திருந்தது கடலில்தான், ஊருக்குள் அல்ல. அடுத்த முறை கரையிறங்க அனுமதி கிடைத்தால், நீங்கள் இறங்குங்கள். வசந்த காலமாக இருந்தால் நல்லது, அப்போதுதான் கடலிலிருந்து ஸ்க்ரும்பியே மீன் நதிக்குள் ஏறி வரும்.