தராசு இல்லாத கிளைக்கு எதைக் கொடுப்பது?

கேள்வி: ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டிக்கு ஜாவாவிலும், வகுப்புகளுக்குத் தேவையான பொருள்களை உருவாக்கிக் கொடுக்கும் கூகுள் ஜூஸ் சட்டகத்திலும் கொள்முதல் மென்பொருள் எழுதியுள்ளேன். மின்னணுத் தராசு கணினியுடன் இணைக்கப்படாத கிளையில் தராசுப் பொருளைத் தரவேண்டிய என் புரொவைடர் 'நல்' (ஒன்றுமில்லை) மதிப்பைத் திருப்புகிறது. முதல் மூட்டை வந்தவுடன் பொருளைத் தர இயலவில்லை என்னும் புரொவிஷன் எக்செப்ஷன் பிழை எழுகிறது. எல்லா இடத்திலும் 'நல் வரலாம்' என்னும் நல்லபிள் குறியைப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். ஒரு பொருளை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்குள் நல் நுழையுமுன் வாசலிலேயே மறிப்பது ஜூஸின் இயல்பு. நல்லபிள் என்ற பெயருள்ள அனொட்டேஷன் (குறி), அது எந்த நூலகத்தினுடையதாயினும், கன்ஸ்ட்ரக்டர் பெறும் அந்த அளவுருவின் மேல் இருந்தால் மட்டுமே வழிவிடும். குறியைப் போட்டால் பிழை மறையாது, தராசைத் தொடும் ஏதோ ஒரு வரிக்கு இடம்பெயரும், அவ்வளவுதான்.

அந்தக் கிளையில் தராசு இல்லாதது தவறா, இயல்பா என்பதை முதலில் மண்டிக்காரரிடம் கேட்டுத் தெளியுங்கள். தவறு என்றால், காலையில் கடை திறக்கும்போதே நிரல் நிற்க வேண்டும். பொருள்களை உருவாக்கும் ஜூஸ் இன்ஜெக்டரின் இயல்புநிலையான டெவலப்மென்ட் ஸ்டேஜில் (இயங்கு முறையில்) சிங்கிள்டன்கள், அதாவது ஒரே முறை உருவாகிப் பகிரப்படும் பொருள்கள், தேவைப்படும்போதுதான் உருவாகும். உங்களுக்கு முதல் மூட்டை வரை பிழை தெரியாமலிருக்க அதுவே காரணமாக இருக்கலாம். தராசைக் கன்ஸ்ட்ரக்டரில் பெறும் வகுப்பை மாட்யூலில் சிங்கிள்டனாகக் கட்டி (தராசுப் பொருளை மட்டும் கட்டினால் நல் பிடிபடாது), புரொடக்‌ஷன் ஸ்டேஜுக்கு மாற்றினால் அது தொடக்கத்திலேயே உருவாகும், பிழையும் அப்போதே தெரியும்.

இயல்பு என்றால், எடை இடைமுகத்துக்கு (இன்டர்ஃபேஸ்) இரண்டாவது வகுப்பு ஒன்றை எழுதி, கணக்கரிடம் எடையைக் கேட்டுப் பதியும் பொறுப்பை அதற்குக் கொடுத்து, எந்தக் கிளைக்கு எந்த வகுப்பு என்பதை, எதற்கு எதைத் தருவது என்று ஜூஸுக்குச் சொல்லும் மாட்யூலில் ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள். இங்கே பலர் சறுக்குகிறார்கள்: 'நல் ஆப்ஜெக்ட்' என்ற பெயரில், எதைக் கேட்டாலும் பூஜ்யம் சொல்லும் வகுப்பை எழுதிவிடுகிறார்கள். நிரலின் நிகழ்வுகளைக் குறித்துவைக்கும் லாகருக்கு ஒன்றும் செய்யாத வகுப்பு போதும், எடைக்கு ஆகாது. 65 கிலோ விரலி மூட்டை எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் 0 கிலோ என்று பில்லில் ஏறும். அதைவிட உங்கள் எக்செப்ஷனே மேல்.

ரசீது அச்சுப்பொறி போல, இல்லாவிட்டாலும் வேலை நடக்கும் பொருளுக்கு, ஜூஸ் 4.0 முதல் உள்ள ஆப்ஷனல்பைண்டர் பொருத்தமானது. பயன்படுத்தும் வகுப்பு, உள்ளே பொருள் இருக்கலாம் அல்லது காலியாக இருக்கலாம் என்னும் ஆப்ஷனல் வகையைப் பெறுவதால், இல்லாமை அதன் கையொப்பத்திலேயே தெரிந்துவிடும். புரொவைடர் நல் திருப்பினாலும் அந்த ஆப்ஷனல் காலியாகவே வரும்.