மூன்று தரம் சொல்லாத ஏலம்

வாசகர் கேள்வி – பதில்

பழைய காமிக்ஸும் அதோடு ஒட்டிக்கொண்டு வந்த துண்டு துக்கடாக்களும் இணைய ஏலத்தில் ஓயாமல் கைமாறுகின்றன. மதுரைப் பக்கத்து வாசகர்கள் அதுபற்றிக் கேட்டவற்றில் சில இங்கே.

‘முத்து காமிக்ஸ் முதல் இதழ், இரும்புக்கை மாயாவி, 1972 ஒரிஜினல்’ என்று ஒரு முகநூல் குழுவில் ஏலம் போட்டிருக்கிறார்கள். ஆரம்ப விலையே 8,000 ரூபாய். அட்டைப் படம் மட்டும்தான் காட்டுகிறார்கள். கேட்கலாமா?
– திருமங்கலம் வாசகர்

அட்டையை மட்டும் பார்த்துக் கேட்காதீர்கள். அந்தக் கதை பிற்பாடு மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. விற்பவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. வீட்டுப் பரணில் கிடைத்ததை ‘முதல் பதிப்பு’ என்று நம்பிப் போடுபவர்களே அதிகம்.

காலத்தைக் காட்டிக்கொடுப்பது படம் அல்ல, பொடி எழுத்து. முதலில் ‘விலை’ என்ற சொல்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்துச் சீர்திருத்த அரசாணை வந்தது 1978 அக்டோபரில். அதற்கு முன்னால் ‘லை’யின் ஐகாரக் குறியை யானைத் தும்பிக்கைபோல் வளைத்துத்தான் பெரும்பாலும் அச்சடித்தார்கள். ‘ணை’, ‘னை’க்கும் இதே கதைதான். ‘றா’, ‘னா’வுக்குத் தும்பிக்கை இல்லை, வேறு பழைய வடிவம். 1972 இதழ் என்று சொல்லிவிட்டு உள்ளே முழுக்க இன்றைய ‘லை’ இருந்தால் சந்தேகப்படுங்கள். இதுவே முடிவான தீர்ப்பு அல்ல. அரசாணைக்கு முன்பே புது எழுத்தைப் பயன்படுத்தியவர்களும் உண்டு. ஆணை வந்த பிறகும் பழைய எழுத்தை விடாதவர்களும் உண்டு.

அடுத்து முகவரி. ஆறு இலக்கப் பின்கோடு 1972 ஆகஸ்ட் 15-இல்தான் நடைமுறைக்கு வந்தது. முதல் இதழ் வெளியானது அதே ஆண்டு ஜனவரியில். ஆகவே அந்த இதழில் பின்கோடு இருக்க வழியே இல்லை. சிவகாசி முகவரியில் மாவட்டப் பெயரும் இருந்தால் இன்னும் வசதி: ‘இராமநாதபுரம் மாவட்டம்’ என்றால் 1985-க்கு முந்தியது, ‘காமராஜர் மாவட்டம்’ என்றால் 1985 முதல் 1997 வரை, ‘விருதுநகர் மாவட்டம்’ என்றால் அதற்கும் பிந்தியது. ₹ குறியீடு இருந்தால் 2010-க்கு முன்னால் போகவே வேண்டாம்.

விற்பவரிடம் ஆறு படம் கேளுங்கள்: முன்னட்டை, பின்னட்டை, முதுகு, பதிப்பாளர் விவரம் உள்ள பக்கம், ஸ்டேப்ளர் பின் தெரியும்படி விரித்த நடுப்பக்கம், கடைசிப் பக்கம். பின்னைச் சுற்றித் தாளில் துருக்கறை இருந்து, பின் மட்டும் பளபளப்பாக இருந்தால் அதைப் பிரித்து மறுபடி அடித்திருக்கிறார்கள். பெரும்பாலும் வேறொரு பிரதியிலிருந்து அட்டையோ நடுத்தாளோ எடுத்துச் சேர்க்கத்தான் பின்னைப் பிரிப்பார்கள். நியூஸ்பிரிண்ட் தாள் ஓரத்தில்தான் முதலில் பழுப்பேறும், உள்பக்கம் கொஞ்சம் வெளுப்பாகவே இருக்கும். ஓரமும் நடுவும் ஒரே நிறத்தில் டீத்தண்ணீர் போல இருந்தால் விலகிவிடுங்கள். நேரில் பார்க்க வாய்த்தால் 10 மடங்கு உருப்பெருக்கிக் கண்ணாடியை அட்டைமேல் வையுங்கள். பழைய ஆப்செட் அச்சில் வண்ணப் புள்ளிகள் வரிசை பிடித்து நிற்கும். இங்க்ஜெட் நகலில் மை ஒழுங்கில்லாமல் தெளித்தாற்போல் இருக்கும்.

படம் கேட்டு இரண்டு நாளாகியும் அனுப்பாதவரிடம் 8,000 ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

இபேயில் கடைசிவரை நான்தான் முன்னால் இருப்பேன். முடியும் நொடியில் யாரோ தட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். ஏமாற்று வேலையா?
– செல்லூர் வாசகர்

ஏமாற்று இல்லை. நம்மூர் ஏலத்தில் ‘ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்’ என்று இழுத்துச் சொல்வார்கள், இடையில் புகுந்து கேட்கலாம். இபேயில் கடிகாரம் முடிந்தால் முடிந்ததுதான், யாருக்காகவும் நேரம் நீளாது. அதனால் விவரம் தெரிந்தவர்கள் கடைசி ஐந்தாறு நொடி வரை வாயே திறக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்வது, ஒருவர் உங்களைத் தாண்டியதும் கொஞ்சம் ஏற்றுவது, பிறகு மறுபடி ஏற்றுவது. அங்கே அதற்குத் தேவையே இல்லை. உங்கள் உச்சத் தொகையைப் போட்டால் அது மற்றவருக்குத் தெரியாது. அடுத்தவரை வெல்ல எவ்வளவு வேண்டுமோ அவ்வளவுக்கு மட்டும் உங்கள் சார்பில் தானே ஏறும். 25 டாலரிலிருந்து 100 டாலருக்குள் ஏறுபடி 1 டாலர். எதிராளியின் உச்சம் 30, உங்களுடையது 45 என்றால் 31-க்கு உங்களுக்கு முடியும். இருவரும் 45 போட்டிருந்தால் முதலில் போட்டவருக்கே பொருள். ஆகவே முழு எண்ணில் நிற்காதீர்கள். 45 போடுவதைவிட 45.37 போடுவது நல்லது. 45-இல் நின்றவரை அந்த 37 சென்ட் தள்ளிவிடும்.

மனத்துக்குள் ஒரு உச்சத்தை முடிவு செய்து, கடைசி பத்து நொடிக்குள் ஒரே ஒருமுறை போடுங்கள். தோற்றால் அந்த விலைக்கு அது உங்களுக்கு வேண்டாம் என்று முன்பே முடிவெடுத்ததுதான். இங்கிலாந்து விற்பனையாளர் அங்கே இரவு 8 மணிக்கு முடிக்கிறார் என்றால் நமக்குக் குளிர்காலத்தில் நள்ளிரவு 1.30, கோடையில் 12.30. விழித்திருக்க முடியாவிட்டால் உச்சத்தை முன்பே போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

முகநூல், வாட்ஸ்அப் குழு ஏலங்களுக்கு இது பொருந்தாது. பல குழுக்களில் கடைசி நிமிடத்தில் யாராவது ஏலம் கேட்டால் ஐந்து நிமிடம் நீட்டிப்பார்கள். விதியைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

இதழ்களைவிட விசித்திரமான பொருள்கள்தான் எனக்கு ஆசை. எதைத் தேடலாம், எப்படித் தேடினால் கிடைக்கும்?
– மேலூர் வாசகி

நல்ல ஆசை; போட்டியும் குறைவு. வேதாளன் (ஆங்கிலத்தில் பேண்டம்) முகம் போட்ட சிகரெட் மிட்டாய்ப் பெட்டி, மண்டையோட்டு மோதிரம், இதழோடு இலவசமாக வந்த ஸ்டிக்கர், காமிக்ஸ் நாயகர் படம் போட்ட தீப்பெட்டி, பட்டாசு லேபிள், சந்தா கட்டிய மணியார்டர் ரசீது, வாடகை நூலக முத்திரை விழுந்த அட்டை என்று பட்டியல் நீளும். முத்திரை விழுந்தால் இதழின் மதிப்பு குறையும் என்பார்கள். மதுரைத் தெருப்பெயரோடு ஒரு வாடகை நூலக முத்திரை இருந்தால் சுத்தமான பிரதியைவிட அதையே நாங்கள் எடுப்போம்.

லேபிளில் ஒரு கண்ணி உண்டு. சிவகாசி அச்சகங்களில் மிஞ்சிய, வெட்டாத முழுத்தாள்கள் கட்டுக் கட்டாகச் சந்தைக்கு வரும். அதிலிருந்து ஒன்றை வெட்டி ‘அபூர்வம்’ என்று போடுவார்கள். ஒரே விற்பனையாளரிடம் அதே லேபிள் மாதாமாதம் வந்தால் கட்டு இன்னும் தீரவில்லை என்று பொருள். பெட்டியில் ஒட்டியிருந்த லேபிளின் பின்புறம் பசைத்தடமும் ஓரத்தில் மடிப்பும் இருக்கும். அதைப் பெட்டியோடு வாங்கினால் பிரிக்காதீர்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் முதலில் ஓரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் வைத்து, வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். சிவப்பு ஒட்டிக்கொண்டால் நனைக்கவே கூடாது.

தேடும்போது விற்பவர் எப்படித் தப்பாக எழுதுவார் என்று யோசியுங்கள். தமிழ் தெரியாத வெளிநாட்டுக்காரர் ‘இந்தியன் காமிக்’, ‘ஃபாரின் எடிஷன் பேண்டம்’ என்றுதான் தலைப்பு வைப்பார். முத்து, மாயாவி என்ற பெயர்களை ஆங்கிலத்தில் நாலு விதமாக எழுதலாம், நாலையும் தேடுங்கள். வேண்டாத சொல்லுக்கு முன்னால் கழித்தல் குறி போட்டால் அது வடிகட்டப்படும். கிடைத்த தேடலைச் சேமித்து வைத்தால் புதுப்பொருள் வரும்போது தகவல் வரும்.

விலைக்கு, ‘விற்று முடிந்தவை’ என்ற வடிகட்டியை மட்டும் பாருங்கள். ஒருவர் 5,000 ரூபாய் என்று எழுதி ஆறு மாதமாக விற்காமல் கிடப்பது விலை இல்லை. அது அவருடைய ஆசை. விற்றதற்கு முன்மாதிரியே இல்லாத பொருள் என்றால், திரும்ப விற்க முடியாமலே போனாலும் வருத்தப்படாத தொகையோடு நின்றுவிடுங்கள்.

இரும்புக்கை மாயாவியின் மூலக்கதை வந்த ஆங்கில இதழ்களை இங்கிலாந்திலிருந்து வாங்க நினைக்கிறேன். செலவு எப்படி வரும்?
– உசிலம்பட்டி வாசகர்

மாயாவி முதலில் வந்தது 1962 அக்டோபரில் தொடங்கிய ‘வேலியண்ட்’ வார இதழில். 1967 முதல் ‘பிளீட்வே சூப்பர் லைப்ரரி’ என்ற சிறு புத்தக வரிசையிலும் வந்தார். அங்கே 1971 பிப்ரவரி 15-இல் நாணய முறை மாறியது. பழைய பென்னிக்கு ‘டி’ என்ற எழுத்து, புதிய பென்னிக்கு ‘பி’. அட்டை விலையில் ‘டி’ மட்டும் இருந்தால் அதற்கு முந்திய இதழ். இந்த ஒரு எழுத்தை வைத்தே தேதி போடாத விற்பனையாளரைச் சரிபார்த்துவிடலாம்.

இதழ் விலையைவிடத் தபால் செலவு அதிகமாகும். ஒன்றாக வாங்காதீர்கள். ஒரே விற்பனையாளரிடம் ஏழெட்டு எடுத்து, பணம் கட்டும் முன்பே ஒரே பொட்டலமாக அனுப்பினால் எவ்வளவு என்று கேளுங்கள். கட்டிய பிறகு கேட்டால் பலரும் குறைக்க மாட்டார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் திறந்து வைத்திருக்க வேண்டும். வங்கி அந்நியச் செலாவணிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிக்கும். சுங்கத் தீர்வை விழுந்தால் பொட்டலம் வரும்போது கட்ட வேண்டும். கூரியர் நிறுவனம் அடையாள ஆவணம் கேட்கும், கையாளும் கட்டணமும் தனியாக வாங்கும். ‘அன்பளிப்பு என்று எழுதி அனுப்புங்கள்’ என்று விற்பவரிடம் சொல்லாதீர்கள். அது பொய் அறிவிப்பு. பலனும் இல்லை, 5,000 ரூபாய் வரையிலான அன்பளிப்புச் சலுகை 2019 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

தாத்தா பைண்டு செய்து வைத்த ராணி காமிக்ஸ் தொகுப்பைப் பிரித்துத் தனித்தனியாக விற்கலாமா?
– பேரையூர் வாசகி

வேண்டாம். பைண்டர் ஏற்கெனவே மூன்று ஓரமும் வெட்டியிருப்பார், முதுகில் பசை ஏறியிருக்கும். பிரித்தால் கிழிசல்தான் மிஞ்சும். தொகுப்பாகவே போட்டு, அட்டைகள் உள்ளே சேர்ந்திருக்கின்றனவா என்பதைத் தலைப்பிலேயே எழுதுங்கள்.

ஏலத்தில் எடுத்த இதழ்கள் பூஞ்சை வாடையோடு வந்தன, உள்ளே ராமபாணமும் இருக்கிறது. வெயிலில் காயவைக்கலாமா?
– அனுப்பானடி வாசகர்

மதுரை வெயிலில் ஒரு பகல் வைத்தால் சிவப்பும் மஞ்சளும் வெளுக்கத் தொடங்கும், தாள் மொறுமொறுவென்று உடையும். மின்விசிறிக் காற்றில், நிழலில், பக்கங்களை விசிறிபோல் விரித்து இரண்டு மூன்று நாள் வையுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு ஜிப் பையில் போட்டுக் காற்றைப் பிதுக்கி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்தால் ராமபாணமும் அதன் முட்டையும் சாகும். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே கிடக்கட்டும். உடனே திறந்தால் ஈரம் தாளில் வியர்க்கும். புது வரவுகளைப் பழைய இதழ்களோடு சேர்ப்பது அதற்குப் பிறகுதான்.

செல்லோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். இரண்டையும் பிற்பாடு சேதமில்லாமல் எடுக்க முடியாது. பாலிப்ரொப்பிலீன் உறை, பின்னால் அமிலமில்லாத அட்டை, அவ்வளவு போதும்.

முன்பணம் அனுப்பச் சொல்லி, பிறகு ‘திருப்பித் தருகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்’ என்கிறார் விற்பவர்.
– வாடிப்பட்டி வாசகர்

ஸ்கேன் செய்யாதீர்கள். பணம் வாங்க ஸ்கேனும் வேண்டாம், யுபிஐ பின்னும் வேண்டாம். இரண்டும் பணம் கொடுக்கத்தான். முன்பணம் போய்விட்டிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு இன்றே பேசுங்கள். பரிவர்த்தனை எண்ணும் உரையாடலின் ஸ்கிரீன்ஷாட்டும் கையில் இருக்கட்டும். அவர் உங்களைத் தடை செய்யும் முன்பே ஸ்கிரீன்ஷாட்டை எடுத்துவிடுங்கள்.