இடுப்பைப் பிடிக்க ஓர் ஆள்

பேறுகாலத் துணை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்பவர், 26 வருஷம் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். விருப்ப ஓய்வுக்குப் பிறகு கோவையில் டூலாவாக, அதாவது பிரசவத்தில் கூடவே இருந்து தாங்கும் துணையாக, இருக்கிறார்.

எனக்கு ஏழாம் மாதம். டூலா வைத்துக்கொள்ள ஆசை. "டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, இன்னொரு ஆளுக்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்கிறார் அத்தை. டூலா என்றால் மருத்துவச்சிதானே?
- பெயர் வேண்டாம், திருப்பூர்.

மருத்துவச்சி இல்லை கண்ணு. பிள்ளையைக் கையில் வாங்குகிறவர் மருத்துவச்சி. நான் வாங்குவதில்லை. உள் பரிசோதனை செய்யமாட்டேன், ஊசி போடமாட்டேன், குழந்தையின் துடிப்பு எப்படி இருக்கிறது என்று சொல்லவும் மாட்டேன். 26 வருஷம் அதையெல்லாம் செய்த கை இது. சும்மா இரு என்றால் முதல் வருஷம் கேட்கவில்லை. ஒரு தடவை மானிட்டரை எட்டிப் பார்த்து நான் முகம் சுளித்ததை அந்தப் பெண் கவனித்துப் பயந்துவிட்டாள். அப்புறம் மானிட்டருக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறேன்.

அப்படியானால் என்னதான் வேலை? வலி ஏறும்போது இடுப்பின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்திப் பிடிப்பேன். வலி இறங்கியதும் ஒரு வாய் தண்ணீர். படுத்தே கிடக்காமல் எழுப்பி நடக்க வைப்பேன், முட்டி போட்டுக் கட்டில்மேல் சாயச் சொல்வேன். மறக்காமல் ஒன்றுக்குப் போகச் சொல்வேன். மூத்திரப்பை நிறைந்திருந்தால் தலை இறங்குவதற்கு அது இடைஞ்சல். டாக்டர் சொன்னது புரியவில்லை என்றால் அடுத்த வலி வருவதற்குள் எளிமையாகச் சொல்லிவிடுவேன். முடிவெடுப்பது நீயும் டாக்டரும்தான். எது நடந்தாலும் அறையை விட்டு நான் நகரமாட்டேன். என் தொழிலே அதுதான்.

அத்தை கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, நர்ஸ் இருக்கிறார்தான். ஆனால் என் ராத்திரி ட்யூட்டிகளில் கட்டில் எட்டு, நாங்கள் இரண்டு பேர். ஒருத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றால் அடுத்த கட்டிலில் தலை தெரியும். "கத்தாதே" என்று நானும் அதட்டியிருக்கிறேன். எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. அதைவிட வெட்கம், என் தலைப்பிரசவத்தில் எனக்கே அதே வார்த்தை கிடைத்திருந்தது. 11 மணி நேரம் தனியாகக் கிடந்தேன், அம்மா வராந்தாவில். தரை துடைக்க வந்த ஆயா மட்டும் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் காலைக் கொஞ்ச நேரம் அமுக்கிவிட்டார். குழந்தையின் எடை எவ்வளவு என்று இன்று கேட்டால் யோசித்துத்தான் சொல்வேன். அந்த ஆயாவின் வளையல் நிறம் அப்படியே நினைவிருக்கிறது.

டூலா என்பது கிரேக்கச் சொல், பணிப்பெண் என்று அர்த்தம். 1970-களில் டானா ரஃபேல் என்ற அமெரிக்க மானிடவியலாளர்தான் பிள்ளை பெற்றவளைத் தாங்கிப் பிடிக்கும் பெண்ணுக்கு இந்தப் பெயரைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். (அத்தையிடம் அர்த்தத்தைச் சொல்லாதே. "பணிப்பெண்ணுக்கா இவ்வளவு சம்பளம்?" என்பார்.)

பலன் இருக்கிறதா என்றால், இருக்கிறது. 17 நாடுகளில் நடந்த 26 ஆய்வுகளை, 15,000-க்கு மேற்பட்ட பெண்களை, சேர்த்துப் பார்த்து 2017-இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பு ஓர் அறிக்கை வெளியிட்டது. விடாமல் கூடவே ஆள் இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருக்கிறது, சிசேரியன் குறைந்திருக்கிறது. பிரசவ நேரமும் குறைந்திருக்கிறது, ஆனால் சராசரியாக 40 நிமிஷம் போலத்தான். மந்திரம் கிடையாது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். தனியார் மருத்துவமனையில் மட்டும் பார்த்தால் 64. "நான் வந்தால் சிசேரியன் ஆகாது" என்று எந்த டூலாவாவது உத்தரவாதம் கொடுத்தால் அட்வான்ஸைத் திரும்ப வாங்கிவிடு.

இன்னொன்று. ஆளைத் தேடுவதற்கு முன்னால் மருத்துவமனையில் கேள், பிரசவ அறைக்குள் விடுவார்களா என்று. சரி என்றால் கேஸ் ஷீட்டில் எழுதித் தரச் சொல். ஓர் இடத்தில் டாக்டர் வாயால் சரி என்றார். ராத்திரி ட்யூட்டியில் இருந்தவர்களுக்கு அது தெரியாது. அந்தப் பெண் உள்ளே, நான் ஐந்து மணி நேரம் வாசலில் பைக் ஸ்டாண்ட் பக்கத்தில். அதிலிருந்து எழுத்தில் இல்லாமல் போவதில்லை.

என் மனைவி பிரசவத்தின்போது நான் கூட இருக்க வேண்டும் என்கிறாள். எனக்கு ரத்தத்தைப் பார்த்தாலே கண் இருட்டும். டூலாவை வைத்தால் நான் தப்பிக்கலாமா?
- பெயர் வேண்டாம், ஓசூர்.

தப்பிக்க முடியாது தம்பி. அவர் கேட்டது உங்களை.

உங்கள் இடம் தலைமாட்டுப் பக்கம். அங்கிருந்து பார்த்தால் அவர் முகம்தான் தெரியும், ரத்தம் தெரியாது. உள்ளே போகுமுன் நன்றாகச் சாப்பிட்டுவிடுங்கள். நான் பார்த்த வரையில் மயங்கி விழும் கணவர்களில் பாதிப் பேர் பட்டினியோடு நின்றவர்கள். கண் இருட்டினால் வெட்கப்படாமல் தரையில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றுகொண்டே சமாளித்தவர் ஒருவருக்கு நெற்றியில் மூன்று தையல். அவர் மனைவிக்கு ஒன்றுகூட இல்லை.

டூலா இருந்தால் உங்களுக்கு நன்மை என்னவென்றால், காபி குடிக்கப் போகலாம், அண்ணன் போனை எடுக்கலாம், அட்மிஷன் கவுன்டரில் நிற்கலாம். அந்த நேரத்திலும் உங்கள் மனைவி தனியாக இருக்கமாட்டார்.

அரசு மருத்துவமனையில்தான் பிரசவம். டூலாவுக்குக் கொடுக்கப் பணமில்லை. என்ன செய்வது?
- ஆறு மாத கர்ப்பிணி, தாராபுரம்.

பணம் வேண்டாம், ஓர் ஆள் போதும். அரசு மருத்துவமனையில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கிறார்கள். 2016-இல் மத்திய அரசே இதற்கு வழிகாட்டுதல் கொடுத்தது. தானும் பிள்ளை பெற்றவராக இருந்தால் நல்லது என்பார்கள். செக்கப்புக்குப் போகும்போதே சிஸ்டரிடம் கேட்டு வைத்துக்கொள்.

யாரைக் கூட்டிப் போவது என்பதில்தான் எல்லாரும் தப்புப் பண்ணுகிறார்கள். அம்மாதான் என்று கட்டாயம் இல்லை. மகள் வலியில் முனகினால் சில அம்மாக்கள் மகளைவிட அதிகமாக அழுவார்கள், அப்புறம் நீ அவரைத் தேற்ற வேண்டியிருக்கும். எதற்கும் பதறாத அண்ணியோ, சித்தியோ, பக்கத்து வீட்டு அக்காவோ மேல். எட்டாம் மாதத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு நாள் அவரை வரச் சொல். நாற்காலியில் திரும்பி உட்கார்ந்து முதுகுச் சாய்மானத்தில் தலையை வைத்துக்கொள், அவர் உன் முதுகுத்தண்டின் அடிப்பகுதியில் உள்ளங்கையால் அழுத்தட்டும். எங்கே, எவ்வளவு அழுத்தினால் சுகம் என்று இருவருக்கும் அப்போதே தெரிந்துவிடும். "தைரியமா இரு" என்று சொல்வதற்குப் பதிலாக, ஒவ்வொரு வலி முடிந்ததும் "இது போயிடுச்சு, திரும்ப வராது" என்று சொல்லச் சொல்.

மெதுவாக வலி ஆரம்பித்த உடனே ஓட வேண்டியதில்லை. தலைப்பிரசவத்தில் முதல் கட்டம் நீளமானது. உலக சுகாதார நிறுவனம் 2018-இல் கொடுத்த வழிகாட்டுதலில் கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறந்த பிறகுதான் வேகமான கட்டம் என்று வைத்திருக்கிறது. உன் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம் என்று பார்த்து, எப்போது கிளம்புவது என்று சிஸ்டரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள். ஆனால் பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, குழந்தை அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, வலியே இல்லாவிட்டாலும் 108-ஐக் கூப்பிடு.

பிரசவமாகி 12 நாள். குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று எனக்கு ஒரு வேளைக்கு அரை டம்ளர் தண்ணீர்தான் தருகிறார்கள். பால் போதவில்லை என்றும் அவர்களே சொல்கிறார்கள். காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. "நாங்க பெறாத பிள்ளையா?" என்கிறார் அத்தை.
- பெயர் வேண்டாம், மதுரை.

முதலில் தண்ணீர். தாகம் தீரும் அளவுக்குக் குடி கண்ணு. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு சொம்பு இருக்கட்டும். நீ குடிக்கும் தண்ணீரால் குழந்தைக்குச் சளி பிடிக்காது. பூண்டுக் குழம்பும் கருவாடும் பால் சுறாப் புட்டும் கொடுத்தால் சந்தோஷமாகச் சாப்பிடு, பத்தியத்தில் எனக்குச் சண்டை இல்லை. தண்ணீரைக் குறைப்பதிலும், குழந்தை வாயில் வசம்பு, சர்க்கரைத் தண்ணீர் வைப்பதிலும்தான் சண்டை.

பால் போதுமா என்பதைக் குழந்தையிடம் பார், மார்பில் பார்க்காதே. நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை குடிக்கிறதா? ஆறு துணியாவது மூத்திரத்தில் நனைகிறதா? இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா? இதற்கெல்லாம் ஆம் என்றால் பால் இருக்கிறது. இல்லை என்றால் தாமதிக்காமல் குழந்தை டாக்டரிடம் காட்டு.

அழுகைக்கு வருகிறேன். பிரசவமான மூன்றாம் நாள் வாக்கில் காரணமில்லாத அழுகை நிறையப் பேருக்கு வரும், இரண்டு வாரத்தில் தானாக அடங்கும். உனக்கு 12 நாள் ஆகிறது, அதனால் தேதியைக் குறித்து வைத்துக்கொள். இரண்டு வாரம் தாண்டியும் போகவில்லை, குழந்தை தூங்கும்போதுகூட உனக்குத் தூக்கம் வரவில்லை, எதிலும் பிடிப்பில்லை என்றால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளத் தோன்றினால் இரண்டு வாரம் காத்திருக்காதே, அந்த நிமிஷமே வீட்டில் ஒருவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போ. 14416 என்ற அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்ணிலும் பேசலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். இது சோம்பேறித்தனமோ திமிரோ இல்லை, மருந்து உள்ள நோய். அதேபோல ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தாலும், காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலும், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் பத்தியம் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடு.

அத்தை விஷயத்தில் என் தந்திரம் ஒன்றைச் சொல்கிறேன். பேறுகால வீட்டுக்குப் போனால் முதல் அரைமணி நேரம் நான் பிள்ளை பெற்றவளிடம் பேசமாட்டேன். அடுப்படிக்குப் போய் மாமியாரிடம், "உங்களுக்கு எப்படிங்க பிரசவமாச்சு?" என்று கேட்பேன். அவரிடம் அதை யாரும் கேட்டதே இல்லை போலிருக்கும். நாலு நாள் வலி, கட்டை வண்டி, தண்ணீர் கேட்டுத் திட்டு வாங்கியது எல்லாம் வரும். போன மாதம் ஓர் அம்மா சொல்லி முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அவராகவே சொம்பை நிரப்பிக்கொண்டு போய் மருமகள் பக்கத்தில் வைத்தார். உன் அத்தையிடம் நீயே கேட்டுப் பாரேன்.

சிசேரியன் தேதி குறித்துவிட்டார்கள். இனி டூலா தேவையா?
- பெயர் வேண்டாம், சேலம்.

தியேட்டருக்குள் பெரும்பாலும் விடமாட்டார்கள். அதனால் அந்த நாளுக்குச் செலவழிக்காமல், வீட்டுக்கு வந்த பிறகான முதல் பத்து நாளுக்கு ஆள் வைத்துக்கொள். தையலோடு எழுந்து உட்காரவும், வயிற்றில் படாமல் குழந்தையைப் பக்கவாட்டில் அணைத்துப் பால் கொடுக்கவும் கை வேண்டும்.

வீடியோ பார்த்து நாங்களே வீட்டில் பிரசவம் பார்க்க நினைக்கிறோம். டூலாவாக வருவீர்களா?
- பெயர், ஊர் வேண்டாம்.

வரமாட்டேன். 2018 ஜூலையில் திருப்பூரில் இப்படிச் செய்து ஒரு பெண் ரத்தப்போக்கில் இறந்தார். நஞ்சுக்கொடி வராமல் ரத்தம் கொட்டும்போது இடுப்பைப் பிடிக்கத் தெரிந்தவளால் ஒரு பயனும் இல்லை.

உங்கள் பையில் என்னென்ன இருக்கும்?
- பெயர் வேண்டாம், பொள்ளாச்சி.

டென்னிஸ் பந்து இரண்டு, முதுகில் உருட்ட. வெந்நீர்ப் பை. தேங்காயெண்ணெய். பனையோலை விசிறி, ஏசி அறையிலும் முகத்துக்கு விசிறச் சொல்வார்கள். வளைகிற ஸ்ட்ரா, படுத்தபடி குடிக்க. முடி கட்ட ரப்பர் பேண்ட். எனக்கு ஒரு ஸ்வெட்டர், பிஸ்கட் பாக்கெட் ஒன்று. பிஸ்கட்டை எப்போதும் கணவர்தான் சாப்பிட்டுவிடுகிறார், அதனால் இப்போது இரண்டாக வைக்கிறேன்.