வட்டம் வெளியே போகலாம், கூட்டல் குறி போகக் கூடாது: ஆட்டோ மாஸ்க் கேள்வி பதில்

படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில், படத்தின் ஒரு பகுதியை மட்டும் பூசி மாற்ற உதவும் பிரஷ்ஷை எடுத்தால் அதன் செட்டிங்குகளோடு 'ஆட்டோ மாஸ்க்' என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதை டிக் செய்துவிட்டுப் பூசினால், ஒரு பொருளின் ஓரம் வந்ததும் பிரஷ் அங்கேயே நின்றுகொள்ளும். குறைந்தபட்சம் அப்படித்தான் பெயர். 2008-ல் லைட்ரூம் 2-இல் வந்த வசதி இது. ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பதில்கள் பெரும்பாலும் கணினியில் ஓடும் லைட்ரூம் கிளாசிக்கை வைத்துத்தான்.

அண்ணா, கோபுரத்துக்குப் பின்னால் இருக்கும் வானத்தை மட்டும் கருமையாக்கப் பார்க்கிறேன். ஆட்டோ மாஸ்க் ஆன் செய்தும் கோபுரத்து பொம்மைகளும் சேர்ந்து கறுத்துப் போகின்றன. ஏன்?

பிரஷ் வட்டத்தின் நடுவில் ஒரு கூட்டல் குறி தெரிகிறதா? எல்லாம் அதில்தான் இருக்கிறது. அந்தக் குறிக்கு அடியில் என்ன நிறம், என்ன வெளிச்சம் இருக்கிறதோ அதை மென்பொருள் எடுத்துக்கொள்ளும். பிறகு வட்டத்துக்குள் அதே மாதிரி இருக்கும் பிக்சல்களில் மட்டும் பூசும். நீங்கள் பிரஷ்ஷை நகர்த்த நகர்த்த, அது ஒப்பிட எடுத்துக்கொள்ளும் நிறமும் மாறிக்கொண்டே வரும். அதனால் வட்டம் பாதி கோபுரத்தின் மேல் ஏறினாலும் பரவாயில்லை. கூட்டல் குறி ஒரு கணம் கோபுரத்தைத் தொட்டுவிட்டால் போதும், "ஓ, இதையும் பூச வேண்டும் போல" என்று அது எடுத்துக்கொள்ளும். இது கோபுரம், இது வானம் என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நிறமும் வெளிச்சமும்தான் தெரியும்.

ஓரத்துக்கு வரும்போது பிரஷ்ஷைச் சின்னதாக்கி, படத்தை 100 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, கூட்டல் குறியை வானத்துக்குள்ளேயே வைத்து மெதுவாக நகருங்கள். மீறிப் பூசிவிட்டால் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு அழிக்கலாம். அழிக்கும்போதும் ஆட்டோ மாஸ்க் வேலை செய்யும். இப்போது கூட்டல் குறி கோபுரத்தின் மேல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் வித்தியாசம்.

அது சரியாக வந்தாலும் கோபுரத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு போட்ட மாதிரி தெரிகிறதே?

நல்ல கேள்வி, பலர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். கல்லும் வானமும் சந்திக்கும் இடத்தில் சில பிக்சல்கள் இரண்டும் கலந்த நிறத்தில் இருக்கும். லென்ஸ் எவ்வளவு கூர்மையானதாக இருந்தாலும் இது இருக்கும். ஆட்டோ மாஸ்க் அவற்றை "இது வானம் மாதிரி இல்லை" என்று விட்டுவிடும். சுற்றிலும் வானம் கறுத்து, அந்தக் கலப்புப் பிக்சல்கள் மட்டும் பழைய வெளிச்சத்தோடு நிற்கும். அதுதான் அந்தக் கோடு.

முதலில் லென்ஸ் கரெக்‌ஷனில் 'ரிமூவ் குரோமாடிக் அபரேஷன்' டிக் செய்யுங்கள். ஓரத்து ஊதா, பச்சைக் கசிவு போனாலே பாதிக் கோடு மறையும். அப்புறம் எக்ஸ்போஷரை, அதாவது வெளிச்ச அளவை, எவ்வளவு குறைத்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது) என்று இறக்கினால் எந்த மாஸ்க்கும் தாங்காது. மூன்றாவதாக, ஆட்டோ மாஸ்க்கை அணைத்துவிட்டு, ஃபெதர் (ஓரத்தின் மென்மை) கொஞ்சம் வைத்த சின்ன பிரஷ்ஷால், ஃப்ளோவைக் (ஒரு இழுப்பில் இறங்கும் அளவு) குறைத்து, அந்த ஓரத்தில் ஒரு தடவை லேசாக இழுங்கள். கோபுரத்தின் விளிம்பு ஒரு நூல் அளவு கறுக்கும், யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோடு எல்லோருக்கும் தெரியும்.

நீல வானமாக இருந்தால் நான் பிரஷ்ஷையே தொட மாட்டேன். கலர் மிக்சரில் நீலத்தின் லூமினன்ஸை (அந்த நிறத்தின் வெளிச்சம்) குறைத்தால் பல படங்களுக்கு அதுவே போதும்.

சார், இரவில் எடுத்த தேர்த் திருவிழா படம், ஐஎஸ்ஓ 6400. பூசின இடமெல்லாம் புள்ளி புள்ளியாக ஓட்டை விழுகிறது.

நாய்ஸ்தான் காரணம், அதாவது ஐஎஸ்ஓவைக் கூட்டி எடுத்தால் படத்தில் வரும் புள்ளிப் பிசிறு. ஒரே கறுப்பு வானமாக நமக்குத் தெரிந்தாலும், பிக்சல் அளவில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளே வேறு வேறு நிறத்தில் இருக்கும். ஒவ்வொன்றையும் ஓரம் என்று நினைத்து ஆட்டோ மாஸ்க் தாண்டிப் போகிறது. படத்தை லைட்ரூம் கணக்கிடும் முறைக்கு 'பிராசஸ் வெர்ஷன்' என்று பெயர்; 2017 அக்டோபரில் வந்த பிராசஸ் வெர்ஷன் 4-இல் இதைக் கொஞ்சம் சரி செய்தார்கள். படம் பழைய வெர்ஷனில் இருக்கிறதா என்று கேலிபரேஷன் பகுதியில் பார்த்து, இருந்தால் மாற்றுங்கள். மாற்றினால் படத்தின் தோற்றமும் சற்று மாறலாம், கவனம். ரா ஃபைலாக (கேமரா பதப்படுத்தாமல் தரும் ஃபைல்) இருந்தால், நாய்ஸை நீக்கும் ஏஐ டீநாய்ஸை முதலில் ஓட்டிவிட்டு மாஸ்க் வேலையை ஆரம்பிப்பது இன்னும் நல்லது.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க 'ஓ' விசையை அழுத்துங்கள், பூசின இடம் சிவப்பாகத் தெரியும். சிவப்பில் சின்ன ஓட்டைகள் கண்ணுக்குத் தப்பும் என்பதால் நான் அந்தச் சிவப்புப் படலத்தை (ஓவர்லே) 'ஒயிட் ஆன் பிளாக்' என்று மாற்றிக்கொள்வேன். விட்டுப்போன இடம் வெள்ளைக்குள் கறுப்புப் புள்ளியாக நிற்கும். பிறகு 'ஏ' விசையால் ஆட்டோ மாஸ்க்கை அணைத்து, உள்பகுதி முழுவதையும் பெரிய பிரஷ்ஷால் நிரப்புங்கள். ஓரத்துக்கு மட்டும் ஆட்டோ மாஸ்க், உள்ளே வேண்டாம். எந்தப் படமாக இருந்தாலும் நான் இப்படித்தான் செய்வேன்.

ஃபெதர், ஃப்ளோ, டென்சிட்டி மூன்றும் ஒன்றுதானே?

இல்லை. ஃபெதர் என்பது பிரஷ் ஓரம் எவ்வளவு மென்மை என்பது. ஃப்ளோ என்பது ஒரு இழுப்பில் எவ்வளவு இறங்குகிறது என்பது. திரும்பத் திரும்ப இழுத்தால் ஏறிக்கொண்டே போகும். டென்சிட்டி ஒரு உச்சவரம்பு. 50 வைத்தால் எத்தனை தடவை பூசினாலும் அதைத் தாண்டாது. ஆட்டோ மாஸ்க்கோடு ஃபெதரைக் குறைவாக வையுங்கள், ஃப்ளோ உங்கள் இஷ்டம்.

கல்யாணப் பெண்ணின் தலைமுடி, மல்லிகைப் பூ, பின்னால் ஜன்னல் வெளிச்சம். ஆட்டோ மாஸ்க்கால் முடியை எடுக்க முடியுமா?

முடியாது. ஒற்றை முடி பல இடங்களில் ஒரு பிக்சல் அகலம்கூட இருக்காது, பின்னால் இருக்கும் வெளிச்சம் அதன் மேல் ஏறியிருக்கும். கூட்டல் குறியை எங்கே வைப்பீர்கள்? 2022 அக்டோபருக்குப் பிறகு வந்த பதிப்புகளில், ஆளை ஏஐ தானே கண்டுபிடிக்கும் பீப்பிள் மாஸ்க்கில் 'ஹேர்' என்று தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். பூ விட்டுப்போனால் அதே மாஸ்க்கில் 'ஆட்' போட்டு பிரஷ்ஷால் சேருங்கள். கறுப்பு முடியில் வெள்ளைப் பூ என்பதால் இங்கே ஆட்டோ மாஸ்க் நன்றாகவே பிடிக்கும்.

அப்படியே இன்னொன்று: முகத்தில் தோலை மென்மையாக்கும்போது ஆட்டோ மாஸ்க்கை அணைத்துவிடுங்கள். கன்னத்தின் நிழலை ஓரம் என்று நினைத்துத் திட்டுத் திட்டாகப் பூசும்.

வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை வேட்டியில் மாப்பிள்ளை. வேட்டியை மட்டும் எடுக்கவே முடியவில்லை.

இரண்டும் ஒரே வெள்ளை என்றால் ஓரம் என்று ஒன்று அதற்குத் தெரியவே தெரியாது. பொருளை ஏஐ தேர்ந்தெடுக்கும் 'செலக்ட் ஆப்ஜெக்ட்' முயன்று பாருங்கள். இல்லையென்றால் ஆட்டோ மாஸ்க்கை மறந்துவிட்டுக் கையால் பூசுங்கள், பத்து நிமிட வேலை.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தில் ஓரம் எல்லாம் கட்டம் கட்டமாக வருகிறதே?

ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்துத்தான் சுருக்கும். அதோடு நிறத் தகவலை வெளிச்சத் தகவலைவிடக் குறைந்த அளவில் வைத்துக்கொள்வதும் வழக்கம். அதிகம் சுருக்கிய படத்தில் நிறத்தின் ஓரம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது, அந்த நிறத்தை நம்பித்தான் ஆட்டோ மாஸ்க் ஓடுகிறது. எடுத்தவரிடம் அசல் ஃபைலைக் கேளுங்கள். 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும்.

படம் முழுக்கக் கறுப்பு வெள்ளை, பட்டுச்சேலை மட்டும் சிவப்பு. எப்படிச் செய்வது?

சேலையைத் தவிர மற்றதையெல்லாம் பூசி சாச்சுரேஷனை (நிறத்தின் அடர்த்தி) மைனஸ் 100 ஆக்கினால் வந்துவிடும். ஆனால் சேலையின் சிவப்பு கையிலும் கழுத்திலும் பிரதிபலித்திருக்கும், அதை ஆட்டோ மாஸ்க் சேலை என்று நினைத்து விட்டுவைக்கும். ஓரத்தில் கையாலும் கொஞ்சம் பூச வேண்டிவரும். கல்யாண ஆல்பங்களில் பார்த்துச் சலித்துப்போன உத்தி என்பது என் கருத்து. கேட்கிற வாடிக்கையாளருக்குச் செய்து கொடுங்கள், நீங்களாக யோசனை சொல்லாதீர்கள்.

ஏஐ மாஸ்க் எல்லாம் வந்த பிறகு இது எதற்கு?

ஏஐ-க்கு ஆள் தெரியும், வானம் தெரியும். வீட்டு உள்படம் எடுத்தால் கதவு நிலையில் ஒரு பக்கச் சட்டம் மட்டும் வேண்டும், தூணின் நிழல் பக்கம் மட்டும் வேண்டும் என்று வரும். அங்கே ஆட்டோ மாஸ்க்தான் வேகம். ஏஐ எடுத்த வானத்தில் மரக்கிளையின் சந்து விட்டுப்போயிருந்தால் அதை நிரப்பவும் இதுதான் கைகொடுக்கும்.

டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறேன். அதில் ஆட்டோ மாஸ்க் பெட்டியைக் காணோம்.

அதில் முறையே வேறு. முதலில் வரைந்த மாஸ்க்கைத் தோராயமாகப் போட்டுவிடுங்கள், ஓரத்தைப் பற்றிக் கவலைப்படாமல். பிறகு மாஸ்க் ரிஃபைன்மென்டில் 'ஃபெதரிங் ரேடியஸ்' என்பதைக் கூட்டினால், மாஸ்க் படத்தின் ஓரங்களில் போய் ஒட்டிக்கொள்ளும். 2010-ல் ஆய்வுக் கட்டுரையாக வெளிவந்த 'கைடட் ஃபில்டர்' என்ற கணக்குதான் பின்னால் ஓடுகிறது. பூசும்போதே ஓரம் தேடுவதைவிட, பூசி முடித்த பிறகு ஓரத்தைச் சரிசெய்யும் இந்த வழி எனக்கு அதிகம் பிடிக்கும். மரம், இலை போன்ற இடங்களில் நன்றாக வரும். இலவச மென்பொருள் என்று குறைத்து நினைக்காதீர்கள்.

ஃபோனில் மட்டும்தான் எடிட் செய்கிறேன் அண்ணா, ஸ்னாப்சீட் ஆப்பில்.

அதில் 'செலக்டிவ்' எடுத்து வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி வையுங்கள். இரண்டு விரலால் வட்டத்தைப் பெரிதாக்கினால், அந்தப் புள்ளியின் நிறத்தோடு ஒத்துப்போகும் இடம் மட்டும் மாறும். தத்துவம் ஏறக்குறைய அதேதான், பூசும் வேலை இல்லை. இது நிக் சாஃப்ட்வேர் உருவாக்கியது. 2012-ல் கூகுள் அந்த நிறுவனத்தை வாங்கியது. மாற்றம் பக்கத்துப் பொருளுக்கும் பரவினால் அங்கே இன்னொரு புள்ளி வைத்து எதையும் மாற்றாமல் விட்டுவிடுங்கள், அது காவல் நிற்கும்.

நாலைந்து பிரஷ் போட்டதும் லேப்டாப் திணறுகிறது.

லைட்ரூம் உங்கள் இழுப்புகளைப் படமாக வைப்பதில்லை, எங்கே எந்த அளவில் இழுத்தீர்கள் என்ற குறிப்பாக வைக்கிறது. இழுப்பு கூடக் கூடக் கணக்கும் கூடும், ஆட்டோ மாஸ்க் இருந்தால் இன்னும் கனம். லென்ஸ் கரெக்‌ஷன், ஸ்பாட் ஹீலிங் இரண்டையும் முதலிலேயே முடித்துவிட்டு பிரஷ்ஷுக்கு வாருங்கள். அப்படியும் திணறி, ஒரே படத்தில் நூறு இழுப்பு தேவைப்படுகிறது என்றால் அதை ஃபோட்டோஷாப்புக்கு அனுப்பிவிடுங்கள்.