சிஸ்டர் பதில்கள்: உப்பில்லாப் பத்தியம் வேண்டாம், தம்பி

கேள்வி: சிஸ்டருக்கு வணக்கம். எனக்கு வயது 34. கோத்தகிரி பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலையும் ஒரு பிக்கப் வண்டியும் இருக்கின்றன. கேரட், முட்டைக்கோஸ் ஏற்றி ராத்திரியில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கொண்டுபோவேன். இந்தச் சித்திரையில் நான்கு நாள் தூக்கமே இல்லாமல் தோட்டம் முழுக்க ஒற்றை ஆளாகக் கவாத்து வெட்டினேன். அதே வாரம் இரண்டாவது வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தேன், மச்சானுக்குப் புது பைக் வாங்கித் தந்தேன். வீட்டில் பயந்துபோய் டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். பைபோலார், அதாவது மனம் ஒரு சமயம் எகிறி ஒரு சமயம் சோர்ந்துபோகும் நோய் என்று சொல்லி லித்தியம் 300 மி.கி. காலையில் ஒன்று, இரவில் இரண்டு எழுதியிருக்கிறார், தூக்கத்துக்கு இன்னொன்று. நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை. அது செல்போன் பேட்டரியில் போடுகிற சரக்கு, கிட்னி போய்விடும் என்கிறான் மச்சான். இங்கிலீஷ் மருந்து சூடு, உப்பில்லாமல் பத்தியம் இரு, டீயை விட்டுவிடு என்கிறார் அம்மா. நான் ஒரு நாளைக்கு எட்டு டீ குடிப்பவன். மாத்திரை போட்டால் என்ன ஆகும்? வண்டி ஓட்டலாமா? அந்த வேகமெல்லாம் போய் மந்தமாகிவிடுவேனா?

பதில்: தம்பி, முதலில் அம்மாவின் பத்தியத்தை நிறுத்துங்கள். மாத்திரையைவிட எனக்குப் பயம் தருவது அதுதான்.

லித்தியம் ஒரு உப்பு. நம் சாப்பாட்டு உப்பில் இருக்கும் சோடியத்துக்குப் பங்காளி. சிறுநீரகத்துக்கு இரண்டையும் சரியாகப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உடம்பில் உப்போ தண்ணீரோ குறைந்தால், போகிற சோடியத்தை அது இழுத்துப் பிடித்து வைக்கும். கூடவே லித்தியத்தையும் பிடித்து வைக்கும். மாத்திரை அதே மூன்றுதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். 1940-களின் கடைசியில் அமெரிக்காவில் இதய நோயாளிகளுக்குச் சாப்பாட்டு உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பைத் தூவிக்கொள்ளக் கொடுத்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லப்பட்டவர்களுக்கே இதைக் கொடுத்ததால் சிலர் நஞ்சேறி இறந்தே போனார்கள். அதே சமயத்தில், 1949-இல்தான் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், இந்த உப்பு மனக்கொதிப்பை, அதாவது உங்களைத் தூங்கவிடாமல் ஓட்டிய அந்த வேகத்தை, அடக்குகிறது என்று எழுதினார். அளவு தெரிந்தால் மருந்து, தெரியாவிட்டால் நஞ்சு.

ஆகவே நேற்றுவரை என்ன உப்பு சாப்பிட்டீர்களோ அதே உப்பு. டீயும் அப்படித்தான். டீ, காப்பியில் உள்ள காஃபீன் லித்தியத்தைக் கொஞ்சம் கூடுதலாக வெளியே தள்ளும். எட்டு டீ குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அளவு ஏறும். குறைக்க ஆசை என்றால் டாக்டரிடம் சொல்லி, தினம் குடிப்பதில் வாரத்துக்கு ஒரு கப் வீதம் குறைத்து, ரத்தத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் குடிக்கிற டீயை மட்டும் முதலில் குறைக்கலாம், தூக்கத்துக்கு நல்லது. எங்கள் குன்னூரில் டீ இல்லாமல் இரு என்று யாரிடமும் சொல்லிவிட முடியாது என்பதும் எனக்குத் தெரியும்.

நான் 31 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன், அதில் பதினொரு வருடம் மனநலப் பிரிவில். ஆனால் லித்தியத்தை நான் கற்றது என் தம்பியிடம். அவன் 2005-இல் ஆரம்பித்தான். இரண்டு வருடம் கழித்து, ஒரு வைகாசிக் கல்யாணத்துக்குத் திருப்பூர் போனான். சரியான வெயில். பந்தல் வேலை செய்ததில் முழங்கால் வலி. தெருமுனை மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் கொடுத்தார்கள். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் சொல்லவில்லை. ஐந்து நாள் இரண்டு வேளையும் போட்டிருக்கிறான். நான் போய்ப் பார்த்தபோது காப்பி தம்ளர் கையில் நிற்கவில்லை, நாக்கு குழறுகிறது, நடை ஒரு பக்கமாக இழுக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாம் 'குடிச்சிட்டு வந்திருக்கான்' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தால் லித்தியம் 1.9, ஆபத்தான அளவு. மாத்திரையை நிறுத்தி, சலைன் ஏற்றி, நான்கு நாளில் தெளிந்தான். அவன் வாயில் ஒரு சொட்டு மது படவில்லை என்பதைச் சொல்லிப் புரியவைக்கத்தான் எனக்கு அதைவிட அதிக நாள் ஆனது.

அதனால் உடம்பு வலி, காய்ச்சல் என்றால் உங்களுக்குப் பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரை வேண்டாம், அவை ரத்தத்தில் லித்தியத்தை ஏற்றிவிடும். சில பிரஷர் மாத்திரைகளும், நீர் பிரிய என்று கொடுக்கும் மாத்திரைகளும் இதே வேலையைச் செய்யும். நீர் பிரிய என்று கொடுக்கும் கஷாயத்தையும் தள்ளி வையுங்கள். எந்த டாக்டரிடம் போனாலும் முதல் வார்த்தை 'லித்தியம் சாப்பிடுகிறேன்' என்பதாக இருக்கட்டும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதி டிரைவிங் லைசென்ஸுக்குப் பின்னால் செருகிவிடுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். ஆமாம், அதே உலோகம்தான். தனிச் சோடியத்தைத் தண்ணீரில் போட்டால் தீப்பிடிக்கும். அதுவே உப்பாக ரசத்தில் கிடக்கிறது. மாத்திரையில் இருப்பது லித்தியம் கார்பனேட். 1948 வரை செவன் அப் பானத்திலேயே ஒரு லித்தியம் உப்பைச் சேர்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். மச்சான் அந்த பைக்கில் போகும்போது இதை யோசித்துக்கொண்டே போகட்டும்.

கிட்னி விஷயத்தில் அவர் சொல்வதை முழுக்கத் தள்ள மாட்டேன். பல வருடம் சாப்பிடுகிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலை குறையலாம், தைராய்டும் மந்தமாகலாம். அதற்குத்தான் ஆரம்பிக்கும் முன்பே கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் வேலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை), தைராய்டு, கால்சியம் பார்ப்பது; பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு முறை. உங்களுக்கு அந்தப் பரிசோதனைகள் எடுத்தார்களா? கடிதத்தில் இல்லை. எடுக்காவிட்டால் கேட்டு வாங்கி எடுங்கள். என் தம்பிக்கு தைராய்டு குறைந்தது, தினம் காலையில் ஒரு சின்ன மாத்திரையோடு சரியாகிவிட்டது.

இனி முதல் வாரம். வாயில் இரும்பை நக்கினாற்போல ஒரு ருசி. லேசாகக் குமட்டல், சிலருக்கு வயிறு இளகும். சாப்பிட்ட பிறகு போட்டால் பெரும்பாலும் அடங்கும். தாகம் எடுக்கும், ராத்திரி இரண்டு தடவை எழுந்து போக வேண்டிவரும். விரல்களில் மெல்லிய நடுக்கம். பலருக்கு இவை சில வாரத்தில் குறையும். தாகமும் நடுக்கமும் சிலருக்குத் தங்கிவிடும். கொஞ்சம் எடையும் கூடலாம்.

ஐந்து முதல் ஏழு நாளுக்குள் ரத்தத்தில் அளவு பார்ப்பார்கள். கடைசி மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் கணக்கு சரியாக வரும். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டால் காலை ஒன்பது மணிக்கு லேபில் இருங்கள். காலை மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த பிறகு இட்லியோடு போடுங்கள். வார்டில் பாதிப் பேர் காலை மாத்திரையை முழுங்கிவிட்டு வந்து நிற்பார்கள். அன்றைக்கு எடுத்த ரத்தம் வீண். சாதாரணமாக 0.6-இலிருந்து 1.0-க்குள் வைத்திருப்பார்கள். 1.5-ஐத் தாண்டினால் ஆபத்து.

வேலை செய்ய ஒன்று முதல் மூன்று வாரம் ஆகும். அதுவரை தாங்கத்தான் அந்தத் தூக்க மாத்திரை. ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளைக்கு இரட்டையாகப் போட வேண்டாம். நன்றாக இருக்கிறதே என்று நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். திடீரென்று நிறுத்தினால் பழைய கொதிப்பு இன்னும் வேகமாகத் திரும்பி வரக்கூடும்.

வண்டி? தூக்க மாத்திரை உங்களை எப்படி வைக்கிறது என்று தெரிந்து, டாக்டர் சரி சொல்லும்வரை மலை இறங்காதீர்கள். அதற்குப் பிறகும் ராத்திரி லோடு வேண்டாம் என்பேன். தூக்கம் கெடுவதே இந்த நோயைக் கிளப்பிவிடும். வருமானம் குறையும், தெரியும். பகல் லோடும் பச்சைத் தேயிலையும் போதுமா என்று வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். கீழே வெயிலில் இருக்கும் நாட்களில் தண்ணீர், உப்புப் போட்ட மோர். வாந்தி, பேதி வந்து தண்ணீரே தங்கவில்லை என்றால் அன்றைய லித்தியத்தைப் போடாமல் உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

மந்தம் பற்றிக் கேட்டீர்கள். சிலருக்கு அப்படித் தோன்றும். அளவைச் சரிசெய்தால் பெரும்பாலும் தெளியும், சொல்லாமல் இருக்காதீர்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த நான்கு நாளில் வெட்டிய கவாத்து எப்படி இருக்கிறது? செடி ஒரே மட்டத்தில் நிற்கிறதா? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி: எனக்கு லாமோட்ரிஜின் 25 மி.கி.தான் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாகியும் ஒன்றும் தெரியவில்லை. நானே இரண்டாகப் போடலாமா? (ஆசிரியை, கொடைக்கானல்)

பதில்: கூடாதம்மா. லாமோட்ரிஜினும் பைபோலாருக்குக் கொடுக்கும் மாத்திரைதான். வேகமாக ஏற்றினால் தோல் உரியும் அளவுக்கு ஒவ்வாமை வரக்கூடும். அதனால்தான் 25-இல் இரண்டு வாரம், 50-இல் இரண்டு வாரம் என்று படிப்படியாக ஏற்றுகிறார்கள். உங்கள் 50 எப்போது என்று டாக்டரிடமே கேளுங்கள். இதே நோய்க்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் மாத்திரையும் சேர்ந்திருந்தால் இதைவிட மெதுவாகத்தான் ஏற்றுவார்கள். தடிப்பு வந்தால், அதிலும் காய்ச்சல், வாய்ப்புண், கண் சிவப்பு சேர்ந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே போய்க் காட்டுங்கள். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் விட்ட இடத்திலிருந்து தொடராதீர்கள். முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கும். மனசு தாங்காத ராத்திரிக்கு 14416, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ். இலவசம், தமிழில் பேசலாம்.

கேள்வி: ஊட்டியில் மார்கழிக் குளிரில் எல்லோருக்கும்தான் கை நடுங்குகிறது. லித்தியம் நடுக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: நல்ல கேள்வி. குளிர் நடுக்கம் தாடை, தோள் என்று உடம்பு முழுக்க வரும், அடுப்புப் பக்கம் உட்கார்ந்தால் நிற்கும். மாத்திரை நடுக்கம் விரலில்தான். கையை நீட்டி, மேலே ஒரு காகிதத்தை வையுங்கள், காகிதம் படபடக்கும். இவ்வளவுதான் என்றால் அடுத்த முறை போகும்போது சொன்னால் போதும். தம்ளர் தளும்பி, பேச்சு குழறி, நடை தள்ளாடினால் கணப்பை விட்டு எழுந்து ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். தனியாகப் போகாதீர்கள்.